பினாங்கின் சிறு தங்கும் விடுதி கூகுள் தேடலில் தென்படுவதற்குச் செய்ய வேண்டியவை

ஜார்ஜ்டவுனில் எட்டுப் பத்து அறைகளோடு விடுதி நடத்தும் ஒருவர், தம் இணையத்தளம் கூகுளில் மேலே வரவில்லை என்று வருந்தும்போது, பெரும்பாலும் அவர் தேடிப் பார்த்தது ‘பினாங்கு ஹோட்டல்’ என்ற இரண்டு சொற்களாகத்தான் இருக்கும். அந்தச் சொற்களுக்கு வரும் முதல் பக்கத்தை விளம்பரங்களும், வரைபடமும், அகோடா, புக்கிங் டாட் காம், டிரிப்அட்வைசர் போன்ற பெருந்தளங்களும் நிறைத்துக்கொண்டிருக்கும். அவற்றோடு மோதி அந்த இடத்தைப் பிடிக்கச் சிறு விடுதியால் இயலாது. பிடித்தாக வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. அது வெல்லக்கூடிய களங்கள் இரண்டு. ஒன்று, அதன் சொந்தப் பெயர். மற்றொன்று, லெபோ குயின், லெபோ சூலியா போன்ற தெருக்களில் நாள்தோறும் கதவைத் திறந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே சரியான விடை தெரிந்த கேள்விகள்.

முன்பதிவுத் தளங்கள் எடுத்துக்கொள்ளும் தரகு பொதுவாக 15 விழுக்காடும் அதற்கு மேலும் ஆகும். 150 ரிங்கிட் அறைக்கு 15 விழுக்காடு என்றால் ஓர் இரவுக்கு 22 ரிங்கிட் 50 சென் போய்விடுகிறது. அதற்காக அந்தத் தளங்களை விட்டு விலகும்படி நான் சொல்ல மாட்டேன். உங்கள் விடுதி இருக்கிறது என்பதையே பலர் அங்கேதான் அறிகிறார்கள். ஆனால் அங்கே பார்த்தவர்களில் ஒரு பகுதியினர், பணம் கட்டும் முன் விடுதியின் பெயரைக் கூகுளில் இட்டு, அதன் சொந்தத் தளம் எப்படி இருக்கிறது, நேரடியாகப் பேச முடியுமா என்று பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் உங்கள் தளம் அவர்கள் கண்ணில் பட வேண்டும் என்பதே முதல் குறிக்கோள்.

சொந்தப் பெயரை மீட்டல்

கைப்பேசியில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, விடுதியின் பெயரை மட்டும் தட்டித் தேடுங்கள். வழக்கமான சாளரத்தில் தேடினால், நீங்கள் அடிக்கடி திறக்கும் உங்கள் சொந்தப் பக்கத்தையே கூகுள் மேலே காட்டி உங்களை ஏமாற்றிவிடக்கூடும். முதலில் வருவது உங்கள் தளமா, முன்பதிவுத் தளமா, அல்லது அதே பெயர் கொண்ட வேறோர் ஊர் விடுதியா என்று குறித்துக்கொள்ளுங்கள். ‘ஹெரிடேஜ் இன்’ போன்ற பொதுப்பெயர் கொண்ட விடுதிகள் இதில் அதிகம் சிரமப்படும். அவை எல்லா இடங்களிலும் பெயரோடு தெருவையும் ஊரையும் சேர்த்தே எழுதிவருவது நல்லது.

தளம் எங்குமே வரவில்லை என்றால், அது கூகுளின் பட்டியலில் ஏறாமலே இருக்கலாம். இதைச் சோதிக்கக் கூகுள் இலவசமாகத் தரும் ‘சர்ச் கன்சோல்’ என்னும் கருவி உண்டு. உங்கள் ஜிமெயில் கணக்கில் நுழைந்து, தளம் உங்களுடையது என்று உறுதிப்படுத்திவிட்டால், எந்தெந்தப் பக்கங்கள் பட்டியலில் உள்ளன, எவை ஏன் விடுபட்டன என்பதை அதுவே சொல்லும். அங்கேயே ‘சைட்மேப்’ என்னும் பக்க வரைபடக் கோப்பின் முகவரியையும் கொடுத்துவிடுங்கள். வேர்ட்பிரஸில் கட்டிய தளங்களில் அடிக்கடி காணப்படும் கோளாறு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும்: தளம் உருவாகும் காலத்தில், அரைகுறைப் பக்கங்கள் வெளியே தெரியாதிருக்க, தேடுபொறிகளைத் தடுக்கும் கட்டம் ஒன்றில் குறியிடுவார்கள், வேலை முடிந்தபின் அதை நீக்க மறந்துவிடுவார்கள். அமைப்புகளில் ‘ரீடிங்’ என்ற பகுதியில் அந்தக் கட்டம் இருக்கும். அதை எடுத்துவிடாமல் வேறு எதைச் செய்தாலும் பயன் இல்லை.

அடுத்து முகப்புப் பக்கத்தின் தலைப்பைப் பாருங்கள். தேடல் முடிவில் நீல எழுத்தில் தெரிவது பெரும்பாலும் இந்தத் தலைப்புதான். ‘ஹோம்’ என்றோ ‘வெல்கம்’ என்றோ மட்டும் அங்கே இருந்தால், கூகுளுக்கும் வாசிப்பவருக்கும் நீங்கள் யார் என்பது தெரியாது. விடுதியின் பெயர், அது எவ்வகை விடுதி, எந்தத் தெரு, எந்த ஊர் என்ற நான்கும் அதில் அடங்க வேண்டும். அதன் கீழே வரும் சிறு விவரிப்பு தரவரிசையை நேரடியாக உயர்த்துவதில்லை என்றாலும், சொடுக்குவதா வேண்டாமா என்று தயங்குபவரை உள்ளே அழைப்பது அதுதான். ஆகவே நேரடி முன்பதிவின் நன்மை ஒன்றை அதில் தெளிவாகச் சொல்லுங்கள். ‘கீவேர்ட்ஸ்’ என்னும் மறைகுறியில் சொற்களை அடுக்கித் தருவதாக இன்றும் சிலர் கட்டணம் கேட்கிறார்கள். கூகுள் தன் தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று 2009-லேயே அறிவித்துவிட்டது.

இணைய முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். தளம் கட்டித் தந்தவரின் பெயரில் அது இருந்தால், அவரோடு தொடர்பு அறுந்த நாளில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த மதிப்பெல்லாம் கைவிட்டுப் போகும். ‘டாட் மை’ ஆனாலும் ‘டாட் காம்’ ஆனாலும் உரிமை உங்களுடையதாக இருக்கட்டும். பழைய முகவரி நன்றாக இயங்கும்போது புதியதற்கு மாறுவதைத் தவிர்ப்பதே நல்லது.

வரைபடத்தில் உள்ள விடுதி

தெருவில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கும் பயணி முதலில் திறப்பது வரைபடத்தை. அங்கே தோன்றுவது உங்கள் இணையத்தளம் அன்று, ‘கூகுள் பிசினஸ் புரொஃபைல்’ எனப்படும் வணிகக் குறிப்பு. உள்ளூர் முடிவுகளை வரிசைப்படுத்தக் கூகுள் மூன்று காரணிகளைக் குறிப்பிடுகிறது: தேடியதோடு பொருந்துதல், தொலைவு, பெயர் பெற்றிருத்தல். தொலைவை உங்களால் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் பெரிதும் உங்கள் உழைப்பைப் பொறுத்தவை.

குறிப்பில் பெயரைப் பெயர்ப்பலகையில் உள்ளபடியே எழுதுங்கள். பெயருக்குப் பின்னால் ‘கொம்தார் அருகில் மலிவு அறை’ என்று சேர்ப்பது கூகுளின் விதிகளுக்கு மாறானது. யாரேனும் புகார் செய்தால் குறிப்பே முடக்கப்படலாம், மீட்பதற்கு வாரக்கணக்கில் அலைய நேரலாம். வகையைத் தேர்ந்தெடுக்கும்போது ஹோட்டல், கெஸ்ட் ஹவுஸ், ஹாஸ்டல் ஆகியவற்றில் உண்மையானதைத் தெரிவு செய்யுங்கள். மின்தூக்கி இல்லை, கார் நிறுத்துமிடம் இல்லை என்பவற்றையும் மறைக்காமல் குறியுங்கள். பழைய கடைவீடுகளில் செங்குத்தான மரப்படிகள் இருப்பது இயல்பு. முழங்கால் வலியோடு வரும் மூத்தவர் அதை வாசலில் நின்று அறிவதைவிட வீட்டிலிருந்தே அறிவது அவருக்கும் நல்லது, உங்கள் விமர்சனப் பகுதிக்கும் நல்லது.

வரைபட ஊசியை எங்கே குத்தியிருக்கிறீர்கள் என்பது ஜார்ஜ்டவுனில் மற்ற ஊர்களைவிட முக்கியமானது. ஒட்டி ஒட்டி நிற்கும் கடைவீடுகளும் பின்சந்துகளும் ஒருவழித் தெருக்களும் நிறைந்த இந்நகரில், ஊசி சில மீட்டர் பின்னால் தள்ளியிருந்தாலும் வாகனம் அடுத்த தெருவில் போய் நிற்கும். அங்கிருந்து திரும்ப வேண்டுமானால் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டியிருக்கும். காக்கி லீமா நடைபாதையில் உங்கள் கதவு திறக்கும் இடத்தில் ஊசி இருக்கட்டும். மலேசியர்கள் பலர் வேஸ் என்னும் வழிகாட்டிச் செயலியை நம்பி ஓட்டுவதால், அதிலும் இடத்தைச் சரிபாருங்கள். முகப்பைப் பகலில் ஒன்றும் இரவில் ஒன்றுமாகப் படமெடுத்து ஏற்றினால், இரவுப் பேருந்தில் வந்து இறங்குபவர் தடுமாறமாட்டார்.

முகவரி எழுதும் முறையில் இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. லெபோ குயினும் குயின் ஸ்திரீட்டும் ஒரே தெரு. ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங்கை இன்றும் பிட் ஸ்திரீட் என்று தேடுவோர் இருக்கிறார்கள். வணிகக் குறிப்பு, முகநூல், முன்பதிவுத் தளங்கள், உங்கள் தளத்தின் அடிப்பகுதி என எல்லா இடங்களிலும் அதிகாரப்பூர்வ வடிவம் ஒன்றையே, அஞ்சல் குறியீட்டோடும் நாட்டுக் குறியீடு சேர்ந்த தொலைபேசி எண்ணோடும், மாறாமல் எழுதுங்கள். பழைய பெயரைத் தளத்தின் ‘வந்து சேரும் வழி’ பக்கத்தில் ஒரு வாக்கியத்தில் குறிப்பிட்டால், அப்படித் தேடுபவரையும் இழக்கமாட்டீர்கள்.

பலர் அறியாத ஒரு வசதியும் இருக்கிறது. விடுதிக் குறிப்பில் விலைகளோடு தோன்றும் முன்பதிவு இணைப்புகள் ஒரு காலத்தில் கட்டணம் செலுத்துவோருக்கு மட்டுமே கிடைத்தன. 2021 மார்ச் முதல் கூகுள் அவற்றை இலவசமாகவும் அனுமதிக்கிறது. நீங்கள் பயன்படுத்தும் முன்பதிவு மென்பொருள் கூகுளோடு இணைந்ததாக இருந்தால், அந்நிறுவனத்தைக் கேட்டு இதைத் திறந்துகொள்ளுங்கள். அகோடாவின் விலைக்குப் பக்கத்திலேயே உங்கள் நேரடி விலையும் ‘அதிகாரப்பூர்வத் தளம்’ என்ற அடையாளத்தோடு தெரியும். சிறு விடுதிக்குக் கிடைக்கக்கூடிய பலன்களில் இதைவிடப் பெரியது இல்லை என்றே நான் கருதுகிறேன்.

எதைப் பற்றிப் பக்கம் எழுதுவது?

உங்கள் வரவேற்பு மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் கேள்விகளை வந்த சொற்களிலேயே எழுதிவாருங்கள். பட்டர்வொர்த்தில் ரயிலைவிட்டு இறங்கி ஃபெர்ரியில் வந்தால் ஜெட்டியிலிருந்து நடந்து வரலாமா? பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து நள்ளிரவில் எப்படி வருவது? காரை இரவில் எங்கே விடுவது? காலை உணவில் சைவம் உண்டா? சுவெட்டன்ஹம் துறையில் கப்பல் நிற்கும் பகல் பொழுதில் பெட்டிகளை வைத்திருக்க இடம் தருவீர்களா? வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் என விதிக்கப்படும் சுற்றுலா வரி, காட்டிய விலைக்குள் அடக்கமா, வெளியேயா? இவற்றில் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கூகுளிலும் தட்டிய கேள்விதான். பெருந்தளங்கள் இவற்றுக்குப் பொதுவான விடையைத்தான் தர முடியும். நீங்களோ எந்த நிறுத்துமிடத்துக்கு எத்தனை மணிக்குக் கதவடைப்பு என்பது வரை எழுத முடியும்.

தைப்பூசத்தை எடுத்துக்கொள்வோம். லெபோ பினாங்கிலுள்ள நகரத்தார் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதமும், லெபோ குயின் மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து 2017 முதல் தங்க ரதமும் தண்ணீர்மலையை நோக்கிப் புறப்படும் நாளில், லிட்டில் இந்தியாவைச் சுற்றியுள்ள விடுதிகளுக்கு அறை கேட்டு வருவோர் நாடெங்கிலும் இருக்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் கேட்கிறார்கள். அவர்களுக்கென ஒரு பக்கம் எழுதுங்கள். ரதம் புறப்படும் நேரத்துக்கு முன் எந்தத் தெருக்கள் அடைபடும், காரில் வருபவர் எப்போதைக்குள் வந்து சேர வேண்டும், உங்கள் வாசலிலிருந்து ரதத்தைப் பார்க்க இயலுமா, காவடி எடுப்பவர் அதிகாலையில் குளித்துப் புறப்பட வெந்நீரும் வழித்துணையும் கிடைக்குமா, தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி ஆலயத்தின் 513 படிகளை ஏற இயலாத மூத்தவர்கள் என்ன செய்யலாம் என்பனவற்றையெல்லாம் அறிந்தவர் நீங்கள். இவற்றை நேர்மையாகவும் விரிவாகவும் எழுதிய பக்கத்துக்கு ஈடாக ஒரு பெருந்தளத்தின் தானியங்கிப் பட்டியல் நிற்க முடியாது.

அந்தப் பக்கத்தின் முகவரியில் ஆண்டைச் சேர்க்காதீர்கள். ஆண்டுதோறும் புதுப் பக்கம் தொடங்கினால் ஒவ்வொரு முறையும் சுழியத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஒரே முகவரியை வைத்து, உள்ளே தேதிகளையும் விவரங்களையும் மாற்றிவந்தால், பெற்ற மதிப்பு அதனிடமே சேர்ந்துகொண்டு போகும். தைப்பூசம் தை மாதத்தில் என்றால், பக்கத்தைத் தீபாவளி முடிந்த கையோடு புதுப்பித்துவிடுங்கள், ஏனெனில் அறை தேடுவோர் அப்போதே தேடத் தொடங்கிவிடுவார்கள், கூகுளுக்கும் மாற்றத்தைக் கண்டுகொள்ளக் கால அவகாசம் வேண்டும். ஜூலை 7-ஆம் நாள், அதாவது 2008-இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நாளையொட்டி நடக்கும் விழாக்கள், பள்ளி விடுமுறைகள், சீனப் புத்தாண்டு ஆகியவற்றுக்கும் இதே முறை பொருந்தும்.

மருத்துவத்துக்காக மேடானிலிருந்து வரும் இந்தோனேசியக் குடும்பங்களைச் சிறு விடுதிகள் போதிய அளவு கவனிப்பதில்லை என்பது என் கருத்து. நோயாளி மருத்துவமனையில் இருக்க, உடன் வந்தவர்கள் பல நாள் தங்குகிறார்கள். அவர்களுக்குத் துணி துவைக்கும் வசதி, சிறு சமையலறை, தங்கும் நாளை நீட்டிக்கும் உரிமை ஆகியவையே முக்கியம். உங்களிடம் அவை உண்டென்றால், எந்த மருத்துவமனைக்கு எவ்வளவு நேரப் பயணம் என்ற விவரத்தோடு ஒரு பக்கத்தை இந்தோனேசிய மொழியில் எழுதுவியுங்கள். மலாய்ப் பக்கத்தை அப்படியே காட்டினால் போதும் என்று நினைக்க வேண்டாம்; அறையை மலாயில் ‘பிலிக்’ என்பார்கள், அவர்கள் தேடுவது ‘காமார்’ என்று.

மொழிகளைப் பற்றி இன்னும் சில செய்திகள் உண்டு. ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி கொண்ட தனிப் பக்கம் இருக்க வேண்டும்; மூலையில் ஒரு மொழிபெயர்ப்புப் பொத்தானை வைத்தால் கூகுள் அதைப் புதுப் பக்கமாக எண்ணாது. ‘எச்ரெஃப்லாங்’ என்னும் குறியால் இந்த மொழிப் பக்கங்களை ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லுங்கள், அக்குறி இரு பக்கங்களிலும் இருந்தால்தான் செல்லும். வருகையாளரின் நாட்டைப் பார்த்துத் தானாகவே மொழியை மாற்றும் ஏற்பாடும் வேண்டாம். பக்கங்களைப் படிக்க வரும் கூகுளின் தானியங்கி நிரல் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தே வருவதால், அது உங்கள் தமிழ்ப் பக்கத்தையும் மலாய்ப் பக்கத்தையும் காணாமலே போய்விடக்கூடும். தமிழில் விடுதிப் பக்கங்கள் மிகக் குறைவு. ஒரு நல்ல தமிழ்ப் பக்கம் எழுத உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையும் இல்லை. தயங்காமல் எழுதுங்கள்.

செய்யக்கூடாததும் ஒன்று உண்டு. ‘கொம்தார் அருகே விடுதி’, ‘பினாங்கு மலை அருகே விடுதி’, ‘பத்து பெரிங்கி அருகே விடுதி’ என்று இடப்பெயரை மட்டும் மாற்றி ஒரே செய்தியை முப்பது பக்கங்களாக அச்சிடுவதைக் கூகுள் குப்பையாகவே கருதுகிறது. மிகுதியான பக்கங்களைப் பயனின்றி உற்பத்தி செய்வதற்கு எதிரான விதியை அது 2024 மார்ச்சில் மேலும் கடுமையாக்கியது. இயந்திரம் எழுதியதா மனிதர் எழுதியதா என்பது அங்கே பொருட்டல்ல.

தளத்தின் உடல்நிலை

கூகுள் இப்போது உங்கள் தளத்தின் கைப்பேசி வடிவத்தையே படித்து மதிப்பிடுகிறது. எனவே அலுவலகக் கணினியில் அழகாகத் தெரிவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ‘பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்’ என்ற இலவசக் கருவியில் முகவரியைக் கொடுத்தால் மூன்று அளவுகள் கிடைக்கும்: முதன்மைப் படமோ எழுத்தோ 2.5 நொடிக்குள் தோன்ற வேண்டும். தொட்டால் 200 மில்லி நொடிக்குள் பதில் வர வேண்டும். பக்கம் திறக்கும்போது எழுத்தும் படமும் இடம் மாறித் துள்ளும் அளவு 0.1-க்குள் இருக்க வேண்டும். சிறு விடுதிகளின் தளங்கள் தாமதமாவதற்குப் பெரும்பாலும் படங்களே காரணம். கைப்பேசியில் எடுத்த நான்கைந்து மெகாபைட் படத்தை அப்படியே ஏற்றாமல், அகலத்தைக் குறைத்து, ‘வெப்பி’ வடிவத்துக்கு மாற்றினால் அதன் எடை பல மடங்கு குறைந்துவிடும். ஒவ்வொரு படத்துக்கும் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி மாற்றுரை எழுதுங்கள். பார்வை குன்றியோரின் கருவிகளுக்கும் அதுவே உதவும்.

அறை விலையையும் விதிகளையும் படமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ வைக்காமல் எழுத்தாகவே இடுங்கள். தேடுபொறிகள் விவரங்களைப் புரிந்துகொள்வதற்காகத் தளத்தின் நிரலில் இடப்படும் ‘ஸ்கீமா’ என்னும் கட்டமைப்புக் குறியில் விடுதி வகை, முகவரி, அமைவிடம், உள்நுழையும் நேரம், வெளியேறும் நேரம் ஆகியவற்றைச் சேர்க்கும்படி தளம் கட்டுபவரிடம் சொன்னால் போதும். உங்கள் தளத்திலேயே உங்களுக்கு நட்சத்திரம் இட்டுக்கொள்வதைக் கூகுள் 2019 முதல் தேடல் முடிவில் காட்டுவதில்லை.

விமர்சனங்களும் பிறர் தரும் இணைப்புகளும்

வெளியேறும் விருந்தினர் எல்லாரிடமும் விமர்சனம் எழுதும்படி கேட்கலாம்; மேசையில் கியூஆர் குறியீடு ஒன்றை வைத்தால் எளிதாகும். மகிழ்ந்தவர்களை மட்டும் தேர்ந்து கேட்பதும், விலைக் கழிவோ பரிசோ தந்து எழுதச் செய்வதும் விதிமீறல். எழுதியவருக்குப் பதில் அளியுங்கள். குறை சொன்னவருக்கு அளிக்கும் பதில் அவருக்கு மட்டுமன்று, அடுத்து வர எண்ணும் நூறு பேருக்கும். ஆகவே நடந்ததை ஒப்புக்கொண்டு, சரிசெய்ததைச் சொல்லி, விருந்தினரின் சொந்த விவரங்களைத் தொடாமல் சுருக்கமாக எழுதுங்கள்.

பிற தளங்கள் உங்களைச் சுட்டி இணைப்புத் தந்தால் கூகுள் அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளும். அதை விலைக்கு வாங்குவது தண்டனைக்குரியது, வாங்கவும் தேவையில்லை. பக்கத்து வாழையிலை உணவகம், திருமண மண்டபம், ஆலய நிர்வாகம், கெலுகோரில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கருத்தரங்கு நடத்தும் துறைகள், மாநிலச் சுற்றுலா அமைப்பான பினாங்கு குளோபல் டூரிசம் ஆகியோரின் தளங்களில் தங்குமிடப் பட்டியல் இருக்கிறதா என்று பார்த்து, சேர்க்கும்படி முறையாக எழுதிக் கேளுங்கள். ‘ஒரு மாதத்தில் முதல் இடம், உறுதி’ என்று தொலைபேசியில் அழைப்பவரை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். முதல் இடத்தை எவராலும் உறுதியளிக்க முடியாது என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது.

மாதத்துக்கு ஒருமுறை

மேற்கொண்ட மாற்றங்களின் விளைவு சில நாளிலும் தெரியலாம், சில மாதங்களும் ஆகலாம். நாள்தோறும் தேடிப் பார்த்துக் கவலைப்படுவதைவிட, மாதத்துக்கு ஒருமுறை சர்ச் கன்சோலைத் திறந்து, எந்தச் சொற்களுக்கு உங்கள் தளம் காட்டப்பட்டது, அவற்றில் எத்தனை சொடுக்குகள் கிடைத்தன என்று பாருங்கள். விடுதியின் பெயர் சேர்ந்த தேடல்களையும் சேராதவற்றையும் தனித்தனியே பிரித்து எழுதுங்கள். பெயர்த் தேடல் பெருகினால் உங்களை அறிந்தோர் பெருகுகிறார்கள் என்று பொருள். பெயரில்லாத் தேடல் பெருகினால் உங்கள் பக்கங்கள் புதியவர்களைக் கொண்டுவருகின்றன என்று பொருள். தொலைபேசியில் பதிவு செய்வோரிடம் எப்படி அறிந்தீர்கள் என்று கேட்டு, அதையும் அதே நோட்டில் குறியுங்கள். கருவிகள் காட்டாத உண்மைகள் பல அங்கே கிடைக்கும்.

ஒரு தேடலுக்கு உங்கள் பக்கம் பலமுறை காட்டப்பட்டும் சொடுக்குகள் இல்லையென்றால், முதலில் அதன் தலைப்பையும் விவரிப்பையும் மாற்றி எழுதி, அடுத்த மாதம் வரை பொறுங்கள். காட்டப்படும் பக்கம் கேட்ட கேள்விக்குரியதாகவே இல்லை என்றால், எடுத்துக்காட்டாக, கார் நிறுத்துமிடம் பற்றித் தேடியவருக்கு உங்கள் முகப்புப் பக்கம் காட்டப்படுகிறது என்றால், அடுத்து எழுத வேண்டிய பக்கம் எது என்பதைத் தேடுபவரே உங்களுக்குச் சொல்லிவிட்டார்.